குறைந்த பட்ஜெட்டில் எடுக்கும் விண்வெளிப் படம் நம்பும்படி இருக்குமா?

இருக்கும், கதையை நிலாவோடு நிறுத்திக்கொண்டால். விண்கலத்துக்குள் ஆட்கள் மிதக்கிறார்கள் என்று எழுதினீர்களோ, செலவு எகிறிவிடும். நான் திருச்செங்கோட்டில் கல்யாண வீடியோ எடுப்பவன். குறும்படம் எடுக்கிற கல்லூரிப் பசங்க கேமரா வாடகைக்கு வரும்போது இந்தக் கேள்வியையும் கொண்டுவருவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

கயிறு கட்டித் தூக்கினால் ஆள் மிதப்பார், தலைமுடி மிதக்காது. கழுத்துச் சங்கிலி கீழே தொங்கும், குட்டு அங்கேயே உடைந்துவிடும். 'அப்பல்லோ 13' (1995) எடுத்தவர்கள் இதற்காக நாசாவின் விமானத்திலேயே ஏறினார்கள். அது வளைந்து ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 25 விநாடி எடையின்மை கிடைக்கும், அதற்குள் ஷாட் முடியணும். நமக்கு ஆகிற காரியமா?

நிலாவில் ஈர்ப்பு உண்டு, பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. அதனால் ஒரு பொருள் கீழே விழ இங்கே ஆவதைவிட சுமார் 2.45 மடங்கு நேரம் ஆகும். விநாடிக்கு 60 பிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் 2.5 மடங்கு. கணக்கு கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடுகிறது! மாலை மாற்றும்போது ஸ்லோமோஷனுக்கு நான் வைக்கிற செட்டிங்கும் இதுதான், செல்போனிலேயே இருக்கிறது. ஒரே சிக்கல், நடிகரின் கைகால் அசைவும் சேர்ந்து மெதுவாகிவிடும். நிலாவில் நடந்தவர்கள் கையை வழக்கமான வேகத்தில்தான் ஆட்டினார்கள். ஆகவே நடிகரை இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் கையை ஆட்டச் சொல்லுங்கள். எடுக்கும்போது சிரிப்பு வரும், ஓட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும்.

படங்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது புழுதியில். 1972-இல் அப்பல்லோ 16 பயணத்தின்போது ஜான் யங் நிலாவில் வண்டி ஓட்டும் வீடியோவைத் தேடிப் பாருங்கள். சக்கரம் வாரியடிக்கிற மண் வளைந்து மேலே போய் அப்படியே விழுந்துவிடும். கிரஷர் லாரி போன ரோடு மாதிரி புகை நிற்காது, தாங்கிப் பிடிக்க அங்கே காற்று இல்லையே. எனவே எம்-சாண்டை நன்றாகக் கழுவி, சலித்து, பொடியைக் கழித்துவிட்டுப் பருமணலை மட்டும் பரப்புங்கள்.

மண் பேச்சு வந்ததால் ஒரு பெருமை. சந்திரயான் சோதனைகளுக்காக இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்தது நம்ம நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதி அனார்த்தசைட் பாறையை அரைத்துத்தான். நிலாவின் மேட்டு நிலங்களில் கிடப்பதும் அந்த வகைப் பாறையே. "லடாக் போகணும்ங்களாண்ணா?" என்று கேட்கும் பசங்களிடம், "பரமத்தி வேலூர் பஸ் ஏறுங்க தம்பி" என்பேன்.

இரவில் எடுங்கள், கறுப்பு வானம் காசில்லாமல் கிடைக்கும். தூரத்தில் ஒரே ஒரு போகஸ் லைட் போதும், நோம்பிக்கு லைட் கட்டுபவரிடமே வாடகைக்கு வாங்கலாம். இரண்டாவதைப் போட்டால் ஆளுக்கு இரண்டு நிழல் விழுந்து, சூரியனும் இரண்டாகிவிடும். கிராபிக்ஸ் செய்யும் தம்பி ஆசைப்பட்டாலும் நட்சத்திரம் வேண்டாம். வெயிலில் கிடக்கும் தரைக்கு ஏற்ற எக்ஸ்போஷரில், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவில், அவை பதியாது.

ஹெல்மெட்டுக்குள் லைட் வைப்பது சுத்தப் பொய். உள்ளே வெளிச்சம் இருந்தால் கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும், வெளியே பார்க்க முடியாது. இருந்தாலும் இதை நான் மன்னித்துவிடுவேன், ஹீரோ முகம் தெரியாத படத்தை யார் பார்ப்பது? 2009-இல் வந்த 'மூன்' சுமார் 50 லட்சம் டாலரில் எடுத்தது. ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. நிலா வண்டிகளுக்குச் சின்ன மாடல்களைச் செய்துதான் எடுத்தார்கள். தளத்துக்குள் நாயகன் பூமியில் நடப்பது போலத்தான் நடக்கிறார். ஆனால் அந்த இடம் ஒருவன் வருஷக்கணக்கில் புழங்கி அழுக்காக்கிய இடம் போல இருப்பதால், பார்க்கும்போது அது எனக்கு உறுத்தவே இல்லை.

அப்புறம் வசனம். நிலாவிலிருந்து ரேடியோ அலை பூமிக்கு வர சுமார் 1.3 விநாடி, பதில் கிடைக்க அதைப்போல இரண்டு மடங்கு. எடிட்டிங்கில் அந்த இடைவெளியை வெட்டாமல் விடுங்கள், பைசா செலவில்லை. செவ்வாய் என்றால் ஒரு வழிக்கே 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். பேச்சுவார்த்தையே நடக்காது, வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதுதான். வசனம் எழுதுபவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், பாதி எழுதிய பிறகு சொன்னால் சண்டைக்கு வருவார்.