கேள்வி-பதில்: பாயைத் தூக்கிப் பார்த்தீர்களா?

கே: கடற்கரையில் சவாரிக்குக் குதிரை விடுகிறேன். பழைய குதிரை டிரெய்லர் ஒன்று விலைக்கு வருகிறது. புது பெயின்ட். டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது. வாங்கலாமா? – தேவனாம்பட்டினம்

ப: பெயின்ட்டைப் பார்த்தீர்கள், சரி. குதிரை நிற்கப்போவது டிரெய்லரின் தரைப்பலகையில் அல்லவா? ரப்பர் பாயைத் தூக்கச் சொல்லுங்கள். விற்பவர் முனகினால் கிளம்பி வந்துவிடுங்கள். மூத்திரம் இறங்கி இறங்கி, பார்வைக்கு நன்றாக இருக்கும் பலகை உள்ளே ஊறிய அவலாகியிருக்கும். மூலைகளில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள், நுழைந்தால் வேண்டாம். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து இரும்புச் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்று பெயின்ட்டுக்குப் பின்னால்தான் வேலை செய்யும்.

டயர் கதை எனக்கு ஆறாத புண். நின்றே கிடக்கும் வண்டியின் டயர் தேயாது, காய்ந்து வெடிப்பு விடும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரம் செய்தது. அதைப் பார்க்காமல் நானே ஒரு பழைய கார் வாங்கினேன். டயர் கருகருவென்று மின்னியது. மரக்காணம் தாண்டி வெடித்த பிறகுதான் மின்னியது பாலீஷ் என்று புரிந்தது. பத்து வருடக் கிழ டயர்! என்னோடு குதிரை இல்லை, பிழைத்தேன்.

கே: இரண்டு குதிரை நிற்கும் டிரெய்லரில் ஒன்றை மட்டும் ஏற்றினால் எந்தப் பக்கம்? – லாஸ்பேட்டை

ப: வலது பக்கம். நம் ரோடு இடது ஓரம் சரியும்.

கே: பின்கதவைத் திறந்ததும் குதிரை பின்னுக்கு இழுத்துத் தலைக்கயிற்றை அறுத்துவிட்டது. கயிறு தரமில்லையா? – பாகூர்

ப: கயிற்றின்மேல் பழி போடாதீர்கள். இறக்கும்போது முதலில் தலைக்கயிற்றை அவிழ்க்க வேண்டும், பிறகுதான் பின்கதவு. ஏற்றும்போது நேர்மாறு.

கே: அந்தியூர் சந்தையில் வாங்கும் குதிரையைக் குட்டியானையில் கொண்டுவரலாமா? வாடகை குறைவு. – பண்ருட்டி

ப: குதிரைக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு வாடகையில் மிச்சம் பிடிக்கிறீர்களா? ஒரு குதிரைக்கு மோட்டார் வாகன விதி கேட்கும் 2.25 சதுர மீட்டர் இடம் அதில் தேறும். ஆனால் பக்கத் தகடு குதிரையின் வயிற்றுக்குக்கூட எட்டாது. ஒரு லாரி ஹாரன் போதும், வெளியே குதித்துவிடும்.

கே: பழைய வண்டி விற்கும் கடையில் டிரெய்லர் வாங்கினேன். 'தரை புதுசு' என்று வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். முதல் பயணத்திலேயே பலகை உடைந்து குதிரைக்குக் கால் கிழிந்தது. கேட்டால் போனை எடுப்பதில்லை. – வில்லியனூர்

ப: மனசு கனக்கிறது. முதலில் குதிரையைக் கவனியுங்கள். மருத்துவச் செலவு ரசீதை விடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதியுங்கள். வழிக்கு வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும். தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்பார்கள். சுயதொழிலில் பிழைக்க வாங்கியவரும் சட்டப்படி நுகர்வோர்தான். அந்த வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். உடைந்த பலகையை அடுப்புக்குப் போட்டுவிடாதீர்கள்.