அண்ணனுக்கு மனச்சிதைவு இருந்தால் என் பிள்ளைக்கும் வருமா?

வணக்கம் சகோதரி. அண்ணனுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனநோய்), உங்களுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் "ரத்தத்துல ஓடுற வியாதி, உன் பிள்ளைக்கும் வரும்" என்று அத்தை சொன்னதிலிருந்து தூக்கமே இல்லை என எழுதியிருந்தீர்கள். என் சித்தப்பாவுக்கும் இதே நோய்தான். ரேடியோவில் தன்னைத் திட்டுகிறார்கள் என்று அதன்மேல் ஈரத்துண்டைப் போட்டு அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். உங்கள் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஒரே ஒரு மரபணு செய்கிற வேலை இல்லை இது. 2022ல் வெளிவந்த பெரிய ஆய்வு, மரபணுத் தொகுதியில் இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் ஆபத்தைக் கூட்டுகிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கும் வருவது மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரைக்கும்தான். மரபணு அச்சு அசலாக ஒன்றாக இருந்துமே அப்படி! கர்ப்பகாலத் தொற்று, பிரசவச் சிக்கல், இளவயதில் கஞ்சா என்று வேறு பலவும் சேர வேண்டியிருக்கிறது.

பொதுவாக 100 பேரில் சுமார் ஒருவருக்கு வருகிறது. உங்கள் பிள்ளைக்கு அண்ணன் தாய்மாமன். அந்த உறவில் 100க்கு 3, 4 என்கின்றன குடும்ப ஆய்வுகள். மீதி 96 பேரை அத்தை எண்ணவே இல்லை.

சொந்தத்திலேயே வரன் என்றால், அந்தப் பக்கமும் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மனநல மருத்துவரிடம் ஒருமுறை பேசுங்கள். மாப்பிள்ளையிடம் மட்டும் மறைக்காதீர்கள், கல்யாணத்துக்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்.