சிகாகோ: கோபுரத்துக்கு முன் படகு

கோடை விடுமுறை நெருங்கினால் அமெரிக்கப் பயணக் கேள்விகள் குவிந்துவிடும். இம்முறை வந்தவற்றில் சிகாகோ பற்றியவற்றை மட்டும் பிரித்தெடுத்திருக்கிறேன்.

மகள் மில்வாக்கியில் இருக்கிறாள். சிகாகோவுக்கு இரண்டே நாள்தான் ஒதுக்க முடியும். எதைப் பார்ப்பது, எதை விடுவது?
கோவை வாசகி

மகள் காரில் கூட்டிப்போகிறேன் என்பாள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நகர மையத்தில் காரை நிறுத்தும் கட்டணத்தில் ஒரு வேளை நல்ல சாப்பாடே சாப்பிடலாம். மில்வாக்கியிலிருந்து ஹயாவதா ரயில் ஒன்றரை மணி நேரத்தில் யூனியன் ஸ்டேஷனில் இறக்கிவிடும். வெளியே வந்தால் எதிரிலேயே ஆறு.

முதல் வேலையாக அந்த ஆற்றில் படகு ஏறுங்கள். எல்லோரும் முதலில் வில்லிஸ் டவர் போன்ற கோபுரத்துக்குத்தான் ஓடுகிறார்கள். மேலே போனால் ஊர் வரைபடமாகத் தெரியும், அவ்வளவுதான். எந்தக் கட்டடம் எது, ஏன் அப்படி நிற்கிறது என்று படகில் விளக்கிச் சொல்வார்கள். கட்டடக்கலைச் சவாரி என்று கேட்டு வாங்குங்கள், ஒன்றரை மணி நேரம். வெறும் ஏரிச் சவாரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மேல்தளத்தில் உட்காருங்கள், தொப்பி அவசியம். சோளக்கதிரை நட்டு வைத்ததுபோல் இரட்டைக் கட்டடம் ஒன்று வரும். மரினா சிட்டி என்று பெயர். அதன் கீழ் 19 தளங்களும் கார் நிறுத்துமிடம். சுவர் கிடையாது. விளிம்பில் வரிசையாக நிற்கும் கார்களின் பின்பக்கம் ஆற்றைப் பார்த்துத் துருத்திக்கொண்டிருக்கும். முதன்முறை பார்த்தபோது ஏதாவது ஒன்று நழுவி மடியில் விழுமோ என்று நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆறும் சாதாரண ஆறில்லை. அது ஒரு காலத்தில் மிச்சிகன் ஏரிக்குள் பாய்ந்தது. நகரத்துச் சாக்கடை ஆற்றில் கலக்கும், ஆறு ஏரியில் கலக்கும், அந்த ஏரி நீரைத்தான் நகரம் குடித்தது. கடைசியில் 28 மைல் நீளக் கால்வாய் வெட்டி, 1900இல் ஆற்றின் ஓட்டத்தையே எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார்கள். அழுக்கு மிசிசிப்பி பக்கம் போனது. கீழே செயின்ட் லூயிஸ் நகரம் இருக்கும் மிசூரி மாநிலம் கோர்ட்டுக்குப் போனது. மாநிலங்களின் தண்ணீர் வழக்கு நமக்கொன்றும் புதிதில்லையே.

இரண்டாம் நாள் காலை சீக்கிரமே மில்லெனியம் பார்க்குக்குப் போய்விடுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்த 'கிளவுட் கேட்' அங்கே இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை 'பீன்' என்றுதான் சொல்வார்கள். நம் கண்ணுக்கும் பளபளக்கும் மொச்சைக்கொட்டைதான். 168 எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது, ஆனால் இணைப்பு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்தாலும் அகப்படாது. தடவுகிற விரல்கள் ஏராளம் என்பதால் ஆளுயரம் வரை துடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். அடியில் நுழைந்து அண்ணாந்து பாருங்கள். குழிந்த உட்புறத்தில் ஒரே ஆள் பத்துப் பேராகி நீண்டு நெளிவார்.

பிறகு எதிர்ச்சாரியிலேயே ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்ற கலை அருங்காட்சியகம். நேவி பியரை விட்டுவிடலாம். ராட்டினமும் தின்பண்டக் கடைகளும் எந்தப் பொருட்காட்சியிலும் கிடைக்கும்.

வில்லிஸ் டவர், ஜான் ஹான்காக் இரண்டில் எதில் ஏறலாம்? இரண்டும் ஏற வேண்டுமா?
மதுரை வாசகர்

ஒன்று போதும். வில்லிஸ் டவர்தான் பழைய சியர்ஸ் டவர். 1,451 அடி. 1998 வரை உலகிலேயே உயரமான கட்டடம். பார்வைத் தளம் 103ஆவது மாடியில். சுவருக்கு வெளியே நான்கடிக்குச் சற்று அதிகமாக நீளும் கண்ணாடிப் பெட்டிகள் உண்டு. தரையும் கண்ணாடி. குழந்தைகள் ஓடிப்போய் நிற்பார்கள், அப்பாக்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்வார்கள். ஹான்காக்கில் பார்வைத் தளம் 94ஆவது மாடி. கட்டடத்தின் பெயர் இப்போது 875 நார்த் மிச்சிகன் அவென்யூ. பழைய பெயரைச் சொல்லிக் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

என்னைக் கேட்டால் ஹான்காக். காலடியிலேயே ஏரி தொடங்கிவிடும், கரை வளைந்து போவது தெரியும், தெற்கே வில்லிஸ் டவரும் தெரியும். வில்லிஸில் ஏறினால் வில்லிஸைப் பார்க்க முடியாதே! சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பு ஏறினால் பகல், அந்தி, விளக்கு மூன்றையும் ஒரே டிக்கெட்டில் பார்க்கலாம். மேகமூட்டமான நாளில் எதிலும் ஏறாதீர்கள், காசு கொடுத்துப் பஞ்சுப் பொதிக்குள் நிற்பது போலிருக்கும்.

இரண்டு கட்டடங்களும் நிற்பதற்குக் காரணமான பொறியாளர் ஒருவரே. டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். வில்லிஸை ஒற்றைத் தூணாக நினைக்காமல், ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டிய கட்டாக நினைத்தார். ஒரு குச்சியை ஒடிப்பது எளிது, விறகுக்கட்டை ஒடிக்க முடியுமா? காற்று ஓயாத அந்த ஊரில் அந்தக் கட்டுத்தான் தாங்குகிறது. குழாய்கள் வெவ்வேறு உயரங்களில் நின்றுவிடுவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். கீழே சாலைச் சந்திப்பில் அவர் பெயர்ப்பலகை இருக்கிறது. கோபுரத்தில் ஏறாவிட்டாலும் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

விவேகானந்தர் பேசிய மண்டபம் இப்போதும் இருக்கிறதா?
ராமநாதபுரம் வாசகர்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் வியப்பில்லை. அவரை அந்த மாநாட்டுக்குப் போகத் தூண்டியவர்களில் உங்கள் ஊர் மன்னர் பாஸ்கர சேதுபதியும் ஒருவர். சென்னையில் அவருடைய சீடர் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாக நிதி திரட்டினார்.

1893 செப்டம்பர் 11 அன்று சர்வ சமயப் பேரவை தொடங்கிய கட்டடம்தான் இன்றைய ஆர்ட் இன்ஸ்டிட்யூட். கட்டடம் இருக்கிறது, அவர் பேசிய கொலம்பஸ் கூடம் இல்லை. அது தற்காலிகமாக எழுப்பியது. அதே ஆண்டு உலகக் கண்காட்சி நடந்த ஜாக்சன் பார்க் தெற்கே பல மைல் தள்ளி இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு அங்கே போய்த் தேடுகிறவர்கள் உண்டு. ஆர்ட் இன்ஸ்டிட்யூட் வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கும். அந்தச் சாலைப் பகுதிக்கு விவேகானந்தர் பெயரைக் கௌரவப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள்.

உள்ளே போனால் எல்லோரும் செராவின் புள்ளி ஓவியத்தையும் ஹாப்பரின் இரவு உணவகத்தையும் தேடி ஓடுவார்கள். நீங்களும் போங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன் இந்தியக் கலைக்கூடத்தைக் கேட்டுப் போங்கள். நாகப்பட்டினத்துப் புத்தர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். சோழர் காலம், 12ஆம் நூற்றாண்டு, கருங்கல், தியானக் கோலம். நம் கோயில் தூணில் கை வைத்தால் தெரியுமே, அதே கல்லின் சொரசொரப்பு. பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரியும், தொடக்கூடாது. சூடாமணி விகாரம் என்ற புத்த மடம் இருந்த ஊரில் புத்தரைப் பார்க்க முடியாமல் சிகாகோவில் போய்ப் பார்க்கிறோமே என்று எனக்கு வருத்தமாகவும் இருந்தது, பத்திரமாக இருக்கிறாரே என்றும் இருந்தது.

செவ்வாய், புதன் விடுமுறை. கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து இடங்களுக்கான சிட்டி பாஸ் வாங்கலாமா? மகன் நேப்பர்வில்லில் இருக்கிறான்.
சேலம் வாசகர்

நான்கைந்து நாள் தங்கினால் லாபம், இரண்டு நாளுக்கு நஷ்டம். காசு கொடுத்துவிட்டோமே என்று ஓடி ஓடி எதையும் பார்க்காமல் வருவீர்கள். மகன் சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்து வாசி என்பதால் பெரிய அருங்காட்சியகங்கள் மாநிலத்தவருக்கு அறிவிக்கும் இலவச நாட்களில் அவருக்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. உங்களுக்கு வாங்க வேண்டும்.

ஏழு வயதுப் பேரன் அருங்காட்சியகம் என்றாலே முகம் சுளிக்கிறான்.
தஞ்சை வாசகி

ஃபீல்ட் மியூசியத்தில் 'சூ' என்ற டைனோசரின் எலும்புக்கூட்டைக் காட்டுங்கள். ஏலத்தில் 83 லட்சம் டாலருக்கு மேல் போன டி. ரெக்ஸ் அது. அதற்கும் மசியாவிட்டால் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் யு-505. 1944இல் அமெரிக்கக் கடற்படை பிடித்த ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல், மாதிரி அல்ல, அசலே. உள்ளே நுழையத் தனி டிக்கெட், முன்பதிவு செய்துவிடுங்கள். அந்தக் கட்டடமே 1893 கண்காட்சியில் மிஞ்சியதுதான்.

வெயில் நாளாக இருந்தால் கவலையே இல்லை. மில்லெனியம் பார்க்கில் 50 அடிக் கண்ணாடிக் கோபுரத்தில் மனித முகம் தெரியும், அது வாயைக் குவித்துத் தண்ணீர் கொப்பளிக்கும். மாற்றுத் துணி எடுத்துப்போங்கள், உங்களுக்கும் சேர்த்து. லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலை இலவசம்.

ஓஹேர் விமான நிலையத்திலிருந்து டாக்ஸியா, ரயிலா?
சென்னை வாசகர்

நீல வழி ரயில். முக்கால் மணி நேரம், இரவு முழுதும் ஓடும். நான்கு பெட்டிகளோடு வந்தால் மட்டும் டாக்ஸி.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?
திருநெல்வேலி வாசகி

அந்த ஊர் டீப் டிஷ் பீட்சாவைக் கீரை வைத்துக் கேளுங்கள். கிண்ணம்போல் ஆழமான தட்டில் வேகும், முக்கால் மணி நேரம் ஆகலாம். பசி வருவதற்கு முன்பே ஆர்டர் கொடுங்கள். இருவருக்குச் சிறியதே தாராளம், இரண்டாம் துண்டில் தோற்றுவிடுவீர்கள்.

சோறு தேடும் நாளில் இந்தியக் கடைத்தெருவான டெவன் அவென்யூ. சிவப்பு வழி ரயிலில் லயோலா வரை போய் 155 எண் பஸ் பிடியுங்கள். வெற்றிலை, முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பலாம்.

டிசம்பரில் போகிறோம். அப்போதும் படகு ஓடுமா?
ஈரோடு வாசகர்

அநேகமாக ஓடாது. ஏரிக் காற்று கன்னத்தை அறுக்கும். பழைய நூலகமான கல்ச்சுரல் சென்டரில் வண்ணக் கண்ணாடிக் குவிமாடம் பாருங்கள், இலவசம். பிறகு கார்ஃபீல்ட் பார்க் கண்ணாடித் தோட்டம். வெளியே பனி கொட்டும்போது உள்ளே பனை வகைகளும் பெரணிகளும் வியர்த்துக்கொண்டிருக்கும். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் நுழைந்ததும் ஒன்றும் தெரியாது, துடைத்துக்கொண்டு நடங்கள்.