சூப்புக்குப் பிறகு என்ன வரும்?

கேள்வி: மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை சுவிஸிலிருந்து வந்திருக்கிறார். இரு வீட்டாரையும் பாசிக்குடாவில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறார். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சாப்பாடு வரும் செற் மெனுவாம். நான் வெள்ளிக்கிழமைகளில் சைவம். முள்ளுக்கரண்டி பிடித்துப் பழக்கமே இல்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் எப்படிச் சமாளிப்பது தம்பி?
ஓய்வுபெற்ற ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: ரீச்சர், கொழும்பிலும் பிறகு டுபாயிலும் ஹோட்டல் மேசைகளில் பரிமாறித்தான் எனக்குத் தலை நரைத்தது. அதனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் முள்ளுக்கரண்டியை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று வெயிட்டர் பார்ப்பதில்லை. அதை எப்படிக் கீழே வைக்கிறீர்கள் என்றுதான் பார்ப்பான். கத்தியும் முள்ளும் பீங்கானில் விலகிக் கிடந்தால் இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால் முடித்துவிட்டீர்கள். பாதியில் தண்ணீர் குடிக்க நினைத்து இரண்டையும் சேர்த்து வைத்துவிடாதீர்கள், மீன் போய்விடும்.

மேசையில் அடுக்கியிருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் வெளிப்பக்கத்தில் இருப்பதை எடுங்கள், அடுத்ததற்கு அதற்கு உள்ளே இருப்பது. மேலே குறுக்காக வைத்திருப்பது புடிங் சாப்பிட. இடது பக்கத்துச் சின்னப் பீங்கான் உங்கள் பாணுக்கு, வலது பக்கத்துக் கிளாஸ்தான் உங்களுடையது. பாணைக் கத்தியால் வெட்டுவதில்லை, கையால் பிய்த்துச் சாப்பிடலாம். பார்த்தீர்களா, அங்கேயும் கைக்கு வேலை இருக்கிறது! ஓட்டோடு நண்டோ சிங்கி இறாலோ வந்தால் பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு போட்ட தண்ணீர்க் கிண்ணமும் வரும். அது விரல் கழுவ. குடித்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பாணை நிறையச் சாப்பிடாதீர்கள். ஆரம்பத்தில் பசியில் எல்லோரும் அதில்தான் கை வைப்பார்கள், இறைச்சி வரும்போது வயிற்றில் இடமிருக்காது. நடுவில் ஒரு கரண்டி ஐஸ் மாதிரிப் புளிப்பாக ஒன்று வரலாம். அது வாயைச் சுத்தமாக்க, கடைசிச் சாப்பாடு என்று எழும்பிவிட வேண்டாம். நம் வீட்டு விருந்தில் போல "இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்று அங்கே யாரும் வந்து நிற்கவும் மாட்டார்கள்.

சைவ விடயத்தில்தான் கவனம் தேவை. மரக்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழி அவித்த தண்ணீரில் செய்திருக்கலாம். தேத்தண்ணீர் நிறத்தில் தெளிவாக வரும் கொன்சொமே என்ற சூப் அநேகமாக மாட்டிறைச்சிச் சாறு, முட்டை வெள்ளை போட்டுத் தெளிய வைத்தது. அங்கே போய்ச் சொன்னால் குசினிக்குக் கஷ்டம். மாப்பிள்ளை மேசை பதியும்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வெள்ளைக்காரர்கள் இதைவிட நீளமான பட்டியல் கொடுப்பார்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுவந்து வைத்தால் என்ன? இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டியிருக்கிறதே!
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பிரெஞ்சுக்காரர்களும் முன்பு அப்படித்தான் மேசை நிறையப் பரப்பி வைத்தார்கள். ஆறிப்போகும், தூரத்தில் இருப்பது கைக்கு எட்டாது. ஒவ்வொன்றாகப் பரிமாறுவது ரஷ்ய முறை. 1810 அளவில் பாரிஸில் இருந்த ரஷ்யத் தூதர் குராக்கின் அதை அங்கே கொண்டுவந்தார் என்பார்கள். இன்னொன்று, மேசையில் கடைசி ஆள் முடிக்கும்வரை நல்ல ஹோட்டலில் யாருடைய பீங்கானையும் எடுக்கமாட்டார்கள். ஆகவே தாமதத்துக்குக் குசினி மட்டும் காரணமல்ல, உங்கள் மேசையில் கதைத்துக்கொண்டே மெல்லும் மச்சானும்தான். அவசரமென்றால் வெயிட்டரிடம் சொல்லுங்கள், கையை லேசாக உயர்த்தினால் போதும். ஆணம் கேட்பதுபோல் குரல் கொடுத்தால் முழு மண்டபமும் திரும்பிப் பார்க்கும்.

கேள்வி: இறைச்சி ஹலால் என்று சொன்னால் நம்பிச் சாப்பிடலாமா?
வாசகர், காத்தான்குடி

பதில்: இறைச்சியோடு நிறுத்தாதீர்கள். மேலே ஊற்றும் சோஸில் வைன் இருக்கிறதா என்று கேளுங்கள். சமைக்கும்போது மது முழுக்க ஆவியாகிவிடும் என்பார்கள், முழுக்கப் போவதில்லை. பன்னா கோட்டா என்ற கிறீம் புடிங்கில் ஜெலட்டின் உண்டு, அது எதிலிருந்து எடுத்தது என்று கேட்க வேண்டும். திராமிசு என்ற கோப்பி சேர்த்த இத்தாலியப் புடிங்கில் பல இடங்களில் மது சேர்ப்பார்கள். வெயிட்டர் தடுமாறினால் செஃப்பைக் கேட்டுவரச் சொல்லுங்கள். கேட்டுவருவது அவன் வேலைதான்.

கேள்வி: மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கிறார்களே, அது என்ன?
வாசகி, கல்லடி

பதில்: ஒன்று சேவைக் கட்டணம், வழமையாக 10 சதவீதம். மற்றது அரசாங்க வரி, 2024 ஜனவரியிலிருந்து வற் வரி மட்டும் 18 சதவீதம். 10,000 ரூபாய் என்று போட்டிருந்தால் பில் 13,000 ரூபாய்க்குக் கிட்ட வரும். அதற்கு மேல் டிப்ஸ் கொடுப்பது உங்கள் விருப்பம். கொடுப்பதென்றால் பரிமாறியவன் கையிலேயே கொடுங்கள்.