ஷெல் எந்தக் கோப்பைப் படிக்கிறது? எஸ்எஸ்ஹெச் சூழல் பற்றிக் கேள்வி பதில்

ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல். எஸ்எஸ்ஹெச் என்பது தொலைவிலுள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி. பாத் என்பது கட்டளைகளை ஷெல் தேடும் அடைவுகளின் பட்டியல். பதில்கள் பாஷ் என்ற ஷெல்லையும் உபுண்டு, டெபியன் வகை லினக்ஸ் சர்வர்களையும் மனதில் வைத்து எழுதியவை. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் நாம் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அண்ணா, .பாஷ்ஆர்சி, .ப்ரொஃபைல், .பாஷ்_ப்ரொஃபைல்னு மூணு இருக்கு. ஜாவா பாத்தை எதுல போடணும்? ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

பதில்: தம்பி, கோப்புப் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஷெல் தொடங்கும்போது இரண்டு விஷயங்களைத்தான் பார்க்கிறது. நான் லாகின் ஷெல்லா, அதாவது பயனர் உள்ளே நுழையும்போது தொடங்கும் ஷெல்லா? என் எதிரே ஆள் உட்கார்ந்து தட்டுகிறாரா, அதாவது இன்டராக்டிவ்வா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் எந்தக் கோப்பு படிக்கப்படும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

லாகின் ஷெல் என்றால் முதலில் ஈடிசி அடைவில் இருக்கும் ப்ரொஃபைல். பிறகு உங்கள் ஹோம் அடைவில் .பாஷ்_ப்ரொஃபைல், .பாஷ்_லாகின், .ப்ரொஃபைல் என்று இதே வரிசையில் தேடும். முதலில் கிடைத்ததைப் படித்துவிட்டு நின்றுவிடும், மற்ற இரண்டைத் திரும்பிப் பார்க்காது. பலரும் விழும் குழி இதுதான். ஏதோ ஒரு மென்பொருளை நிறுவும்போது அது புதிதாக ஒரு .பாஷ்_ப்ரொஃபைலை உருவாக்கிவிட்டுப் போகும். அன்றிலிருந்து உங்கள் .ப்ரொஃபைல் படிக்கப்படாது, எந்த எச்சரிக்கையும் வராது.

லாகின் இல்லாத இன்டராக்டிவ் ஷெல், உதாரணத்துக்கு டெஸ்க்டாப்பில் நீங்கள் திறக்கும் டெர்மினல் ஜன்னல், .பாஷ்ஆர்சியைப் படிக்கும்.

இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு உண்டு. 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்லில் .ப்ரொஃபைல் மட்டும்தான், அதுவும் லாகின் ஆகும்போது ஒரே முறை. பில் ஜாய் எழுதிய சி ஷெல், லாகினுக்கு ஒரு கோப்பு, ஒவ்வொரு ஷெல்லுக்கும் ஒரு கோப்பு என்று பிரித்தது. 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பாஷ் இரண்டு வழக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

பிரிவினையில் நியாயமும் இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்த மாறிகள், அதாவது பாத் போன்ற பெயரிட்ட மதிப்புகள், தாய் ஷெல்லிலிருந்து அதில் பிறக்கும் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும், ஒரு முறை வைத்தால் போதும். ஏலியஸ் (கட்டளைக்கு நாம் வைக்கும் சுருக்கப் பெயர்), பிராம்ப்ட் (தட்டும் இடத்துக்கு முன் தெரியும் குறி) அப்படிப் போகாது, ஒவ்வொரு ஷெல்லிலும் புதிதாக வைக்க வேண்டும். ஆகவே ஜாவா பாத் .ப்ரொஃபைலில், ஏலியஸ்கள் .பாஷ்ஆர்சியில். மாற்றிய பிறகு ஒரு முறை லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

கேள்வி (டெவ்ஆப்ஸ் வேலையில் இருப்பவர்): சர்வருக்குள் போய் நோட் என்று அடித்தால் ஓடுகிறது. என் கணினியில் இருந்தபடியே எஸ்எஸ்ஹெச், சர்வர் பெயர், நோட் என்று ஒரே வரியில் கொடுத்தால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடை, அதன் பதிப்புகளை நிர்வகிக்கும் என்விஎம் வழியாக நிறுவியது. ஒரே பயனர், ஒரே சர்வர். ஏன் சார்?

பதில்: எஸ்எஸ்ஹெச் விஷயத்தில் அதிகம் பேரைப் படுத்தும் சிக்கல் இது. பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம்.

கட்டளை எதுவும் கொடுக்காமல் எஸ்எஸ்ஹெச் செய்தால் சர்வர் உங்களுக்கு லாகின் ஷெல்லைத் தருகிறது, ஆளும் எதிரே இருக்கிறார். கட்டளையோடு அழைத்தால், உங்கள் ஷெல்லை மைனஸ் சி போட்டு அந்தக் கட்டளையை மட்டும் ஓட்டச் சொல்கிறது. இது லாகினும் இல்லை, இன்டராக்டிவ்வும் இல்லை. எனவே .ப்ரொஃபைல் படிக்கப்படாது.

அப்படியானால் .பாஷ்ஆர்சியும் படிக்கப்படக் கூடாதே? விதிப்படி கூடாதுதான். ஆனால் டெபியனும் உபுண்டுவும் தங்கள் பாஷைத் தொகுக்கும்போது ஒரு விருப்பத்தை இயக்கி வைத்திருக்கின்றன. எஸ்எஸ்ஹெச் தன்னை நேரடியாக அழைத்தது என்று தெரிந்தால் பாஷ் அப்போதும் .பாஷ்ஆர்சியைத் திறக்கும்.

திறந்தும் பயனில்லை. அந்தக் கோப்பின் தொடக்கத்தைப் பாருங்கள். டாலர் மைனஸ் என்ற மாறியில் ‘ஐ’ என்ற எழுத்து இருக்கிறதா என்று ஒரு சோதனை இருக்கும். இல்லையென்றால் ரிட்டர்ன், அதோடு சரி. இதைக் காவல் வரி என்று வைத்துக்கொள்வோம். என்விஎம் தன் வரிகளைக் கோப்பின் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உங்கள் கட்டளை காவல் வரியைத் தாண்டி அங்கே போவதே இல்லை.

‘பாஷ் மைனஸ் எல்சி போட்டு லாகின் ஷெல்லாக ஓட்டு’ என்று பலர் அறிவுரை சொல்வார்கள். உங்கள் சிக்கலுக்கு அது பலிக்காது. லாகின் ஷெல் .ப்ரொஃபைலைப் படிக்கும், உபுண்டுவின் .ப்ரொஃபைல் அங்கிருந்து .பாஷ்ஆர்சியை அழைக்கும், ஆனால் இன்டராக்டிவ் இல்லாததால் அதே காவல் வரி மறுபடி திருப்பி அனுப்பிவிடும். பாத் .ப்ரொஃபைலிலேயே எழுதப்பட்டிருந்தால்தான் மைனஸ் எல்சி உதவும்.

இரண்டு வழிகள் உண்டு. பாத்தைச் சேர்க்கும் அந்த என்விஎம் வரிகளைக் காவல் வரிக்கு மேலே வைக்கலாம். அல்லது கட்டளையில் நோடின் முழுப் பாதையையே எழுதலாம். டிப்ளாய்மென்ட் ஸ்கிரிப்ட், அதாவது மென்பொருளைச் சர்வரில் ஏற்றும் கட்டளைக் கோப்பு என்றால் என் தேர்வு முழுப் பாதைதான். யாரோ நாளை .பாஷ்ஆர்சியைத் திருத்தினாலும் உங்கள் டிப்ளாய் உடையாது. எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதும் ஸ்கிரிப்டிலேயே தெரியும்.

சோதித்துப் பார்க்கும்போது ஒரு கவனம் தேவை. எக்கோ டாலர் பாத் என்பதை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து அனுப்புங்கள். இரட்டை மேற்கோளில் வைத்தால் டாலர் பாத் உங்கள் கணினியிலேயே விரிந்துவிடும். உங்கள் பாத்தைப் பார்த்துவிட்டு சர்வரில் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கேள்வி (ஆராய்ச்சி மாணவி): எஸ்எஸ்ஹெச் நன்றாக வேலை செய்கிறது. அதன் வழியாகக் கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி மட்டும் ‘ரிசீவ்ட் மெசேஜ் டூ லாங் 1466264675’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. நான் அனுப்பும் கோப்பு சிறியதுதான்.

பதில்: கோப்பின் அளவுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த எண்ணிலேயே விடை இருக்கிறது. எஸ்எஃப்டிபியில் ஒவ்வொரு செய்தியின் முதல் நான்கு பைட்டுகளும் அதன் நீளத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு வந்த எண்ணை நான்கு பைட்டுகளாகப் பிரித்தால் 87, 101, 108, 99. ஆஸ்கி அட்டவணையில் அவை டபிள்யூ, இ, எல், சி. யாரோ உங்கள் .பாஷ்ஆர்சியில் ‘வெல்கம்’ என்று ஆங்கிலத்தில் அச்சிடும் எக்கோ வரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்த வாழ்த்தை எஸ்எஃப்டிபி நீளம் என்று படித்துவிட்டது.

அந்த வரியைக் காவல் வரிக்குக் கீழே நகர்த்துங்கள். பிறகு எஸ்எஸ்ஹெச், சர்வர் பெயர், ட்ரூ என்று ஓட்டிப் பாருங்கள். ட்ரூ எதையும் அச்சிடாத கட்டளை. திரையில் ஓர் எழுத்து வந்தாலும் எங்கோ ஒரு தொடக்கக் கோப்பு பேசுகிறது என்று பொருள். கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் ‘இஸ் யுவர் ஷெல் க்ளீன்?’ என்று கேட்டு நிற்பதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.0 பதிப்பு, அதாவது 2022 முதல் கோப்பு நகலெடுக்கும் எஸ்சிபியும் உள்ளே எஸ்எஃப்டிபியைத்தான் பயன்படுத்துகிறது, ஆகவே அங்கும் இதே பிழைச் செய்தி வரும்.

கேள்வி (தமிழ்ச் சொல்தரவு தொகுப்பவர்): சர்வரில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால் தமிழ்க் கோப்புப் பெயர்கள் எல்லாம் 340, 256 என்று எண்களாக வருகின்றன. பெர்ல் ஓட்டினால் லோகேல், அதாவது மொழி அமைப்பு பற்றிய எச்சரிக்கை. கோப்புகள் கெட்டுவிட்டனவா?

பதில்: ஒன்றும் கெடவில்லை. யூடிஎஃப்-8-இல் யூனிகோடின் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். முதல் பைட் எட்டடிமான எண்ணில் 340, இரண்டாவது 256 அல்லது 257. எல்எஸ் அவற்றை எழுத்தாகக் காட்டத் தெரியாமல் எண்களாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதாவது உங்கள் எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன என்பதற்கு அந்த 340-தான் சாட்சி.

உங்கள் கணினியின் லாங் மாறியையும், எல்சி என்று தொடங்கும் மாறிகளையும் எஸ்எஸ்ஹெச் சர்வருக்கு அனுப்புகிறது. டெபியன் வகையில் இரு பக்கமும் இது இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கும். நீங்கள் அனுப்பும் லோகேல் சர்வரில் உருவாக்கப்படவில்லை என்றால் அது பழைய சி லோகேலுக்குப் போய்விடும், அதற்கு ஆஸ்கி மட்டும்தான் தெரியும். மேக்கிலிருந்து நுழைபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். மேக்கின் டெர்மினல் அனுப்பும் ‘யூடிஎஃப்-8’ என்ற வெற்றுப் பெயரில் லினக்ஸில் லோகேல் கிடையாது.

லோகேல் மைனஸ் ஏ போட்டு என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். நிர்வாகி உரிமை இருந்தால் உங்களுக்கு வேண்டிய லோகேலை லோகேல்-ஜென் வழியாக உருவாக்கலாம். இல்லையென்றால் .ப்ரொஃபைலில் லாங் மாறிக்கு சி.யூடிஎஃப்-8 என்று கொடுங்கள், டெபியனிலும் உபுண்டுவிலும் அது தயாராக இருக்கும். எல்சி_ஆல் அல்லது எல்சி_சிடைப் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தால் லாங்கை அதுதான் வெல்லும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலைக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சி.யூடிஎஃப்-8-இல் சார்ட் கட்டளை யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கும். அதில் ன என்பது ந-வுக்கும் ப-வுக்கும் நடுவில் உட்காரும், ற-வோ ல-வுக்கு முன்னால் வரும். நம் அகராதி வரிசை அதுவல்ல. சொற்பட்டியலை அடுக்க ஐசியூ என்ற யூனிகோட் நிரல் நூலகத்தின் தமிழ் வரிசையைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட் க்ரானில் ஓடவில்லை.

பதில்: குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரான் உங்கள் தொடக்கக் கோப்புகள் எதையும் படிக்காது. அதன் ஷெல் எஸ்ஹெச், டெபியனில் அது பாஷ் அல்ல, டாஷ். பாத்தும் மிகச் சிறியது. க்ரானின் வேலைப் பட்டியலான க்ரான்டாபின் தொடக்கத்திலேயே பாத் வரியை எழுதுங்கள். ஸ்கிரிப்ட் பாஷுக்கு உரியது என்றால் அதன் முதல் வரியில் பாஷ் என்று குறிப்பிடுங்கள்.

கேள்வி: சூடோ போட்டால் மட்டும் என் கட்டளை கிடைக்கவில்லை என்கிறது.

பதில்: கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சூடோ உங்கள் பாத்தை விட்டுவிட்டு, செக்யூர்_பாத் என்று தன் அமைப்பில் இருப்பதை எடுத்துக்கொள்கிறது. பாதுகாப்புக்காக வைத்தது, அதைத் தளர்த்தாதீர்கள். முழுப் பாதையைக் கொடுங்கள்.

கேள்வி (வீட்டிலிருந்து வேலை செய்பவர்): டிமக்ஸிலிருந்து பிரிந்து, மறுநாள் திரும்ப எஸ்எஸ்ஹெச் செய்து இணைந்தால் கிட் புஷ் ‘பெர்மிஷன் டினைட்’ என்கிறது. ஏஜென்ட் ஃபார்வர்டிங் போட்டுத்தான் வருகிறேன்.

பதில்: டிமக்ஸ் என்பது இணைப்பு அறுந்தாலும் ஷெல்லைச் சர்வரில் ஓட வைத்திருக்கும் நிரல். ஏஜென்ட் என்பது உங்கள் கணினியில் எஸ்எஸ்ஹெச் சாவிகளை வைத்திருக்கும் நிரல், அதைச் சர்வரிலிருந்து பயன்படுத்த விடுவதுதான் ஃபார்வர்டிங். ஒவ்வொரு முறை நுழையும்போதும் ஏஜென்டுக்குப் புதிய சாக்கெட், அதாவது அதோடு பேசும் கோப்பு, பிறக்கிறது. டிமக்ஸுக்குள் நேற்றிலிருந்து ஓடும் ஷெல்லில் எஸ்எஸ்ஹெச்_ஆத்_சாக் மாறி பழைய, செத்துப்போன சாக்கெட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறது. திரும்ப இணையும்போது டிமக்ஸ் மாறியைப் புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் அது புதிதாகத் திறக்கும் ஜன்னல்களுக்கு மட்டுமே.

ஹோம் அடைவில் மாறாத பெயரில் ஒரு சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைக் காட்டும் இணைப்பு, வைத்து, லாகின் ஆகும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிய சாக்கெட்டுக்குத் திருப்பிவிடுங்கள். டிமக்ஸுக்குள் மாறி அந்த சிம்லிங்கைக் காட்டட்டும். திருப்பும் வேலையை .எஸ்எஸ்ஹெச் அடைவில் ஆர்சி என்ற கோப்பில் பலர் எழுதுகிறார்கள். அந்தக் கோப்பு இருந்தால் எஸ்எஸ்ஹெச் சர்வர் எக்ஸ்11 ஜன்னல்களுக்கு அனுமதி தரும் எக்ஸ்ஆத்தைத் தானாக ஓட்டாது. எக்ஸ்11 ஜன்னல்களைத் தொலைவிலிருந்து திறப்பவர் நீங்கள் என்றால் அதையும் அங்கேயே எழுத வேண்டும், அல்லது திருப்பும் வேலையை .ப்ரொஃபைலில் எழுதிவிடுங்கள். நான் .ப்ரொஃபைலைத்தான் பரிந்துரைப்பேன். அங்கே எழுதினால் ஒரு நிபந்தனை வேண்டும்: டிமக்ஸ் தன் ஜன்னல்களை லாகின் ஷெல்லாகவே திறக்கும், ஆகவே டிமக்ஸ் மாறி இருந்தால் சிம்லிங்கைத் தொடாதே என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் சிம்லிங்க் தன்னையே காட்டிக்கொண்டு நிற்கும்.

கேள்வி: ஏபிஐ சாவியை (இணையச் சேவையை அணுகும் ரகசியக் குறி) .பாஷ்ஆர்சியில் எக்ஸ்போர்ட் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கோப்பு பல சர்வர்களில் மற்ற பயனர்களும் படிக்கும் அனுமதியோடு இருக்கும். நண்பருக்கு அப்படியே நகலெடுத்துக் கொடுப்போம், கிட்டிலும் ஏற்றுவோம். நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு நிரலுக்கும் அந்தச் சாவி போய்ச் சேரும். உங்களால் மட்டும் படிக்க, எழுத முடிகிற 600 அனுமதியுள்ள தனிக் கோப்பில் வைத்து, தேவைப்படும் நிரலுக்கு மட்டும் கொடுங்கள்.

கேள்வி (கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர்): அவசரம் சார். மாணவர் ஒருவர் .பாஷ்ஆர்சியில் எக்ஸிட் என்று எழுதிவிட்டார். எஸ்எஸ்ஹெச் செய்தால் உள்ளே விட்ட உடனே வெளியே தள்ளுகிறது.

பதில்: எக்ஸிட் காவல் வரிக்குக் கீழே இருந்தால் எளிது. எஸ்எஸ்ஹெச் மைனஸ் டி போட்டு, சர்வர் பெயருக்குப் பின் பாஷ் மைனஸ் மைனஸ் நோஆர்சி என்று கொடுங்கள். கட்டளையோடு அழைப்பதால் முதல் ஷெல் காவல் வரியில் திரும்பிவிடும், அடுத்து வரும் பாஷ் அந்தக் கோப்பையே தொடாது. உள்ளே போய்த் திருத்திவிடலாம்.

காவல் வரிக்கு மேலே என்றால் இது பலிக்காது, எஸ்எஃப்டிபியும் பெரும்பாலும் பலிக்காது, ஏனென்றால் அதுவும் அதே ஷெல் வழியாகத்தான் தொடங்குகிறது. சூடோ உரிமையுள்ள வேறு கணக்கிலிருந்து நுழைந்து அந்த மாணவரின் கோப்பைப் பெயர் மாற்றுங்கள். ஆய்வக சர்வர்தானே, நேரில் ரூட்டாக, அதாவது முழு உரிமையுள்ள நிர்வாகியாக நுழைந்தும் செய்யலாம்.

இனி மாணவர்களுக்கு இதைப் பழக்குங்கள். தொடக்கக் கோப்பைத் திருத்தினால், திறந்திருக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பை மூடக் கூடாது. பாஷ் மைனஸ் என் போட்டு இலக்கணப் பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸிட் போன்றவற்றை அது பிடிக்காது, ஆகவே இரண்டாவது ஜன்னலில் புதிதாக ஒரு முறை லாகின் செய்து, உள்ளே போக முடிகிறது என்று கண்ணால் கண்ட பிறகே முதல் இணைப்பை மூட வேண்டும்.