பதினெட்டு வயது வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். குடிமையியல் பாடத்தில் சமத்துவம், உரிமை என்று படித்துவிட்டு வந்து, வீட்டில் எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்று கேட்கிறாள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒழுக்கத்தையும் கீழ்ப்படிதலையும் கற்றுக்கொடுத்தால் போதாதா? மற்றவற்றை ஓட்டுப் போடும் வயதில் சொல்லிக்கொடுத்தால் என்ன?
— பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரான ஒரு தந்தை, அரூர் வட்டம்

பதில்: போதாது. ஒழுக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் குறையாகச் சொல்லும் அந்த ‘ஏன்’, நம் அரசமைப்புச் சட்டத்தின்படி ஒரு கடமை. அடிப்படைக் கடமைகளைப் பட்டியலிடும் 51அ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வையும் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு குடிமகனுக்கும் சொல்கிறது. உங்கள் மகள் பாடத்தைச் சரியாகவே படித்திருக்கிறாள்.

ஓட்டுப் போடும் வயது வரட்டும் என்கிறீர்கள். அந்த வயது 21-லிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டது 1989-இல். ஆனால் சட்டத்தின் துணை ஒரு பிள்ளைக்குத் தேவைப்படுவது 18-இல் தொடங்குவதில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று வகுத்திருக்கும் 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், பதினெட்டு நிறைவதற்குள் தெரிந்தால்தான் ஒரு சிறுமிக்குப் பயன்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மலையோர ஊர்களில் கோடை விடுமுறைக்குப் பின் வகுப்புக்குத் திரும்பாத சிறுமிகள் இருக்கிறார்கள் என்பதை நீங்களும் அறிவீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம் என்பது அந்தச் சிறுமிக்கும் அவளுடைய பெஞ்சுத் தோழிக்கும் தெரிந்திருக்க வேண்டிய வயது, உங்கள் மகளின் வயதுதான்.

கீழ்ப்படிதலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அரூர் வட்டத்தில் வாழும் உங்களுக்கு வாச்சாத்தியை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த அரசு ஊழியர்கள். ஊர் மக்களைத் தாக்கியதாகவும் பெண்களை வன்கொடுமை செய்ததாகவும் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடந்த காலத்திலேயே இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் அதை உறுதிசெய்தது. அதிகாரி என்றால் அடங்கிப்போக வேண்டும் என்று மட்டுமே கற்றிருந்தால் அந்த ஊர்ப் பெண்கள் நீதிமன்றப் படியேறியிருக்க மாட்டார்கள். அங்கே நடந்த கொடுமைகளைச் சிறுவர்களுக்கு விவரிக்க வேண்டாம். சீருடை அணிந்தவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே என்பதைத் தங்கள் வட்டத்து மக்களே நிலைநாட்டினார்கள் என்று அவர்களுக்குச் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

என்னுடைய வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் குடியுரிமையை எந்தெந்த வழிகளில் பெறலாம், எப்படி இழக்கலாம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆறாம் வகுப்பிலேயே உள்ளாட்சி அமைப்புகளைப் பற்றிப் படித்துவிடுகிறார்கள். ஆகஸ்ட் 15 அன்று காலையில் பள்ளிக்கு வந்து கொடியை வணங்கி, மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அதே நாளில், பெரும்பாலும் காலை 11 மணி அளவில், அதே ஊரில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு அங்கே மக்கள் முன் வைக்கப்படுகிறது. ஜனவரி 26, மே 1, அக்டோபர் 2 ஆகிய நாள்களிலும் இப்படித்தான். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே சபையின் உறுப்பினர்கள் என்பதால் பிள்ளைகள் கை தூக்க முடியாது. பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமே! தெருவிளக்கு எரியாததைப் பற்றித் தன் தாய் எழுந்து கேட்பதையும், ஊராட்சிச் செயலர் அதற்குப் பதில் சொல்வதையும், அது தீர்மானமாக எழுதப்படுவதையும் ஒருமுறை கண்ட பிள்ளைக்கு, மக்களாட்சி என்ற சொல்லுக்குப் பொருள் எழுதக் கையேடு தேவைப்படாது.

தண்ணீரையும் இதற்குப் பாடமாகக் கொள்ளலாம். நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது வரையறை. ஈறுக்குள் பல் உருவாகும் பருவத்தில் குடித்த நீரால் விழும் பழுப்புக் கறை, எவ்வளவு துலக்கினாலும் போவதில்லை. அந்தக் கறையோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, சரியாகப் பல் துலக்காததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்கிறது. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதையும், தன் தெருக் குழாயில் வருவது அந்தக் காவிரி நீரா, ஆழ்துளைக் கிணற்று நீரா, இரண்டும் கலந்ததா என்று ஊராட்சியிடம் எழுதிக் கேட்கலாம் என்பதையும் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தால், அந்த ஒரு மனுவை எழுதும் பயிற்சியில் உரிமை, கடமை, அறிவியல் மூன்றும் சேர்ந்து வந்துவிடும். திறந்து விட்ட குழாயை மூடுவதும் அந்தப் பாடத்திலேயே அடங்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதால்தான் நீங்கள் அதில் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோருடன் கிராம சபைக்கு அழைத்துச் செல்வது குறித்துத் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். அழைத்துச் செல்லும் நாளில் உங்கள் மகளை உங்கள் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவள் அங்கே கேட்கும் ‘ஏன்’ எதுவென்று எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.