கெர்பல் மோட் சிக்கல்கள்: கேள்வியும் பதிலும்

ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராமின் கடைசிப் பதிப்பு 1.12.5, 2023 ஜனவரியில் வந்தது. கேம் இனி மாறப்போவதில்லை. ஆனாலும் மோட் (ரசிகர்கள் எழுதும் கூடுதல் தொகுப்பு) போட்டதும் கேம் திறக்கவில்லை, கப்பல் காணவில்லை என்ற கேள்விகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

அண்ணா, என்னிடம் இருப்பது 1.12.5. எனக்குப் பிடித்த மோட் 1.10-க்கானது என்று போட்டிருக்கிறது. போடலாமா?

பெரும்பாலும் போடலாம். முதலில் அந்த ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெறும் பாகங்கள், அதாவது மாடலும் அதன்மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரும் அமைப்பு விவரம் எழுதிய சிஎஃப்ஜி ஃபைல்களும் மட்டும் இருந்தால் பதிப்பு எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பல வருடம் பழைய எஞ்சின் மோடுகள்கூட இன்றும் ஓடுகின்றன. உள்ளே நிரல் ஃபைலான டிஎல்எல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். 2019 அக்டோபரில் வந்த 1.8-இல் கேம், தான் ஓடும் அடிப்படை மென்பொருளான யூனிட்டியின் 2019 பதிப்புக்கு மாறியது. அதுதான் பெரிய எல்லைக்கோடு. 1.8-க்குப் பிறகு எழுதிய டிஎல்எல்கள் பெரும்பாலும் 1.12-இலும் வேலை செய்யும். அதற்கு முந்தியவற்றை, குறிப்பாக ஷேடர் (பரப்புகளின் நிறத்தையும் ஒளியையும் வரையும் நிரல்) உள்ளவற்றை, நம்ப முடியாது.

மோடுகளைத் தேடி நிறுவித்தரும் கருவியான சிகேன் அந்த மோடைக் காட்டவில்லை என்றால், அதன் செட்டிங்கில் பொருந்தும் பதிப்புகள் பட்டியலில் 1.8 முதல் 1.11 வரை சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பர்னிகஸ் (கிரகங்களைச் சேர்க்கும் மோட்) போட்டும் புதுக் கிரகங்கள் வரவில்லை. பழைய கெர்பல் மண்டலமே தெரிகிறது.

மேலே சொன்னதற்கு முக்கியமான விதிவிலக்கு இதுதான். தான் எந்தப் பதிப்புக்காகக் கட்டப்பட்டதோ, அதில் மட்டும்தான் கோப்பர்னிகஸ் இயங்கும். பொருந்தாவிட்டால் தானே ஒதுங்கிக்கொள்ளும். அது ஓடவேண்டுமானால் ஹார்மனி, மாடுலர் ஃப்ளைட் இன்டிகிரேட்டர் என்ற துணை மோடுகளும் கூட இருக்க வேண்டும். கையால் போடுகிறவர்கள் அடிக்கடி தவறவிடுவது இந்த இரண்டையும்தான். சரி செய்யும்வரை உங்கள் பழைய சேவ் ஃபைலை (சேமித்த விளையாட்டை) திறக்கவே திறக்காதீர்கள். இல்லாத கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த கப்பல்கள் கெட்டுப்போகும்.

லோடிங் ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறது.

கேம் ஃபோல்டரிலேயே, கேம் தான் செய்வதைப் பதிவுசெய்யும் கேஎஸ்பி.லாக் என்ற ஃபைல் இருக்கும். அதன் கடைசி வரிகளுக்குப் போங்கள். கடைசியாக எந்தப் பாகத்தை ஏற்ற முயன்றதோ, அதன் மோட் மீதுதான் முதல் சந்தேகம். அந்த ஃபோல்டரை வெளியே எடுத்துவைத்துப் பாருங்கள். லோடிங் திரையில் தெரியும் பெயரை மட்டும் நம்பாதீர்கள், லாக்கில் விவரம் அதிகம்.

மோட் போட்டேன், எதுவுமே நடக்கவில்லை சார்.

மோடுகளைப் போடும் கேம்டேட்டா ஃபோல்டருக்குள் இன்னொரு கேம்டேட்டா இருக்கிறதா பாருங்கள். ஜிப்பை அப்படியே பிரித்துப் போட்டால் இப்படித்தான் ஆகும். அடுத்து, மற்ற மோடுகளின் சிஎஃப்ஜி மாற்றங்களைச் செயல்படுத்தும் மாட்யூல் மேனேஜர். அதன் டிஎல்எல் எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் நேராக கேம்டேட்டாவில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பாதி மோடுகள் ஊமையாகிவிடும்.

பாகங்கள் எல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரிகின்றன.

ஷேடர் பழையது. 1.8-இல் விண்டோஸ் பதிப்பு, கிராஃபிக்ஸ் மென்பொருளான டைரக்ட்எக்ஸ் 11-க்கு மாறியபோது பழைய ஷேடர்கள் பல செயலிழந்தன. அந்த மோடின் புதிய வெளியீட்டைத் தேடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுவது நல்லது.

இரண்டு மோடுகளை நீக்கினேன். நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த என் நிலையமே போய்விட்டது!

மனம் எவ்வளவு கஷ்டப்படும் என்று தெரியும். ஒரு கப்பலில் ஏதாவது ஒரு பாகம் காணவில்லை என்றாலும், சேவ் ஃபைலை ஏற்றும்போது கேம் அந்தக் கப்பலையே முழுதாக நீக்கிவிடும். அடுத்த முறை சேவ் ஆகும்போது அது நிரந்தரமாகிவிடும். எனவே உடனே கேமை மூடுங்கள். நீக்கிய மோடுகளைத் திரும்பப் போடுங்கள். உங்கள் சேவ் ஃபோல்டருக்குள் பேக்கப் என்று ஒன்று இருக்கும். அதில் நிலையம் இருந்த நேரத்து ஃபைலை எடுத்து, நடப்பு சேவ் ஃபைலின் பெயரான பெர்சிஸ்டன்ட்.எஸ்எஃப்எஸ் என்று பெயர் மாற்றி, சேவ் ஃபோல்டரில் பழையதற்குப் பதிலாக வையுங்கள். இனி எந்த மோடை நீக்கினாலும், முதலில் சேவ் ஃபோல்டரை வேறிடத்துக்குக் காப்பி எடுத்துவிட்டு நீக்குங்கள்.

நிஜ சூரிய மண்டல மோடும் சாதாரண விளையாட்டும் ஒரே கணினியில் வேண்டும். முடியுமா?

தாராளமாக. முழு கேம் ஃபோல்டரையும் ஸ்டீமுக்கு வெளியே காப்பி எடுங்கள், அங்கிருந்தே ஓடும். ஒவ்வொரு காப்பிக்கும் தனி மோடுகள், தனி சேவ்கள். சிகேனிலும் இரண்டையும் தனித்தனியாகச் சேர்க்கலாம்.

கெர்பல் இரண்டாம் பாகத்தில் இதே மோடுகளைப் போடலாமா?

முடியாது. அது முற்றிலும் வேறு கேம்.

லாக் முழுக்க நல் ரெஃபரன்ஸ் பிழைகள் (இல்லாத ஒன்றை நிரல் தேடும்போது வருபவை). 60 மோடுகளில் எது காரணம்?

பிழைக்குக் கீழே உள்ள வரிகளில் ஏதாவது மோடின் பெயர் தெரிந்தால் வேலை முடிந்தது. தெரியவில்லையா? பாதி மோடுகளை வெளியே எடுங்கள். ஆனால் மாட்யூல் மேனேஜர், ஹார்மனி போன்ற அடிப்படைகளை அப்படியே விடுங்கள். சேவ் ஃபைலைத் தொடாமல் புதிதாக ஒரு விளையாட்டு தொடங்கிப் பாருங்கள். பிழை போய்விட்டால் எடுத்த பாதியில் குற்றவாளி, போகவில்லை என்றால் மிச்சப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகப் போனால் ஆறு சுற்றில் 60-உம் அடங்கிவிடும். இரண்டு மோடுகள் சேர்ந்தால் மட்டும் வரும் பிழை என்றால் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதில் பொறுமை வேண்டும். கண்டுபிடித்ததும் மோட் எழுதியவருக்கு லாக் ஃபைலையும் மோட் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்கள் அவர்கள். "வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரியை வைத்து அவர்களால் எதையும் திருத்த முடியாது.